புகையைக் காதால் அளத்தல்

நீலகிரியில் வாழும் நமக்கு இரண்டு வெண்மைகள் பழக்கமானவை. ஒன்று, மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மலையேறி வந்து வகுப்பறை ஜன்னலுக்குள் நுழையும் மூடுபனி. மற்றொன்று, புகை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளங்களில் இறங்கித் தேங்குகிறது. அதன்மேல் சற்று வெதுவெதுப்பான காற்று ஒரு மூடியைப் போல் அமைந்துவிடுகிறது. வீட்டு அடுப்புப் புகை, சருகும் குப்பையும் எரிக்கும் புகை, மலைப்பாதையில் முனகிக்கொண்டு ஏறும் பேருந்துகளின் புகை, தேயிலைத் தொழிற்சாலைகளில் இலையை உலர்த்த எரிக்கும் விறகின் புகை ஆகிய எல்லாமே அந்த மூடிக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கும். விடியற்காலையில் கேத்திப் பள்ளத்தாக்கை மேலிருந்து நோக்கினால் எது பனி, எது புகை என்று கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது.

கண்ணால் முடியாததைக் காதால் செய்யும் முறை ஒன்று உண்டு. அதற்கு ஒளியொலி நிறமாலை முறை என்று பெயர். மேல்நிலை வகுப்பு இயற்பியல் மாணவியராகிய நாங்கள் அதனைப் பற்றிப் படித்தறிந்ததையும், ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு அளவில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறோம். கணக்கு வரும் இடங்களில் இளைய வகுப்புத் தங்கைகள் அஞ்ச வேண்டாம்; பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறொன்றும் இல்லை.

முதலில் ஒரு கேள்வி. புகையையும் பனியையும் பிரித்து அறிவதால் யாருக்கு என்ன பயன்?

காற்றில் மிதக்கும் நுண்துகள் ஒன்றின் மீது ஒளி விழுந்தால் இரண்டு செயல்கள் நிகழலாம். துகள் ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிக்கலாம். அல்லது அதனை உட்கவர்ந்து தான் சூடாகலாம். பனித்துளியும் உப்புத் துகளும் பெரும்பாலும் சிதறடிக்கும். சூரிய ஒளியில் ஒரு பங்கை விண்ணுக்கே திருப்பி அனுப்புவதால் இவை பூமியைக் குளிர்விக்கும் பக்கத்தைச் சேர்ந்தவை. புகைக்கரியோ உட்கவரும். தானும் சூடாகித் தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் சூடாக்கும். ஆகவே ‘காற்றில் இத்தனை தூசு இருக்கிறது’ என்று எடை போட்டுச் சொன்னால் மட்டும் போதாது. அது எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்றும் சொல்ல வேண்டும்.

மதுரையில் 1944ஆம் ஆண்டு பிறந்த விஞ்ஞானி வீரபத்திரன் ராமநாதன் இதனை உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர். அவரும், நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் தலைமை ஏற்க, 1999ஆம் ஆண்டில் பல நாட்டு அறிஞர்கள் கப்பல், விமானம், மாலத்தீவிலுள்ள ஓர் ஆய்வுநிலையம் ஆகியவற்றைக் கொண்டு இந்தியப் பெருங்கடலின் வானத்தை ஆராய்ந்தனர். தூய கடற்காற்று என்று எண்ணப்பட்ட இடத்தில் தெற்காசியாவிலிருந்து சென்ற புகை மண்டலம் பரவிக் கிடந்ததையும், அதிலுள்ள கரி சூரிய ஒளியை உட்கவர்ந்து வானத்திலேயே தேக்குவதால் கடலின் மேற்பரப்புக்கு வரும் ஒளி குறைவதையும் அவர்கள் கண்டனர். இந்த ராமநாதன் அவர்கள் வத்திக்கானிலுள்ள திருத்தந்தையின் அறிவியல் கழகத்திலும் உறுப்பினராக நியமிக்கப்பட்டவர் என்பது நம் பள்ளியில் பலருக்கும் புதிய செய்தியாக இருக்கலாம்.

இன்னொரு காரணம் நம் வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. சீகை விறகையும் கற்பூர மரச் சுள்ளிகளையும் வைத்து அடுப்பு மூட்டும் தாய்மார் அந்தக் கரியை நாள்தோறும் சுவாசிக்கின்றனர். எரிவாயு அடுப்பு வந்துவிட்ட வீடுகளிலும் குளிக்க வெந்நீர் போட விறகுதான் என்பது இம்மலையில் பழக்கம். கரியமில வாயு ஒருமுறை காற்றில் கலந்தால் அதன் பங்கு நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். கரித்துகளோ ஏறத்தாழ ஒரு வாரத்தில் மழையோடும் தூசோடும் மண்ணுக்கு இறங்கிவிடும். இன்று அடுப்பைச் சீர்செய்தால் அடுத்த வாரமே காற்று தெளியும். மாற்றம் உண்மையில் நிகழ்ந்ததா என்று அறிய, நம்பத்தக்க அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலைத்தான் இனிக் காண இருக்கிறோம்.

இதன் கதை 1880ஆம் ஆண்டில் தொடங்குகிறது. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், அடுத்து ஒளிக்கற்றையின் வழியாகப் பேச்சை அனுப்ப முயன்றார். வாஷிங்டன் நகரில் ஒரு பள்ளிக் கட்டடத்தின் கூரையிலிருந்து அவருடைய உதவியாளர் சம்னர் டெயின்டர் பேச, சுமார் 213 மீட்டர் தொலைவிலிருந்த ஆய்வுக்கூடத்தில் பெல் அதனைக் கேட்டார். இடையே கம்பி கிடையாது. சூரிய ஒளி மட்டுமே. அக்கருவிக்கு ஒளித்தொலைபேசி எனலாம். தொலைபேசியைவிட இதுவே பெரியது என்று பெல் கருதினார். அந்த ஆண்டு பிறந்த தம் இரண்டாவது மகளுக்கு இக்கருவியின் பெயரையே வைக்க விரும்பினாராம். நல்ல வேளையாக அக்குழந்தையின் தாயார் சம்மதிக்கவில்லை!

அந்த ஆய்வின் நடுவே எதிர்பாராத ஒன்று தெரிந்தது. துளையிட்ட தட்டைச் சுழற்றி, ஒளியை விட்டு விட்டு ஒரு திடப்பொருளின் மீது படும்படி செய்தால் அப்பொருளிலிருந்து ஒலி எழுந்தது. தட்டின் துளைகள் நொடிக்கு எத்தனை முறை ஒளியை விடுகின்றனவோ அதே சுருதியில் ஒலி கேட்டது. எப்பொருள் நன்றாக ஒலிக்கும் என்று பெல்லும் டெயின்டரும் ஒவ்வொன்றாகச் சோதித்தனர். கம்பளி, பட்டு, உலோகத்தகடு முதலியவற்றைச் சோதித்து வந்தபோது எல்லாவற்றையும் வென்றது எது தெரியுமா? விளக்குக்கரி! புகை பிடித்த குழிவினுள் ஒளியைச் செலுத்தியபோது காதுக்கு வலிக்கும் அளவுக்கு ஒலி எழுந்ததாக 1881இல் பெல் எழுதினார்.

காரணம் எளிது. கரி ஒளியை உட்கவர்ந்து சூடாகிறது. அதனை ஒட்டிய காற்று அந்தச் சூட்டினால் விரிகிறது. ஒளி நின்றதும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. மீண்டும் ஒளி, மீண்டும் விரிவு. காற்று இவ்வாறு சீராக விரிந்து சுருங்குவதுதானே ஒலி? பளபளப்பான பொருள் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் சூடாவதில்லை. ஆகவே அது வாய் திறப்பதுமில்லை.

இதனை நாங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தோம். பழைய மேசை மின்விசிறியின் இறக்கைகளைக் கழற்றிவிட்டு, அதன் அச்சில் 12 பிளவுகள் வெட்டிய அட்டைத் தட்டைப் பொருத்தினோம். நிமிடத்திற்கு 1200 சுற்று என்றால் நொடிக்கு 20; 12 பிளவுகளுக்கு 240 முறை ஒளி விட்டு விட்டு விழும். பாட்டி கண்மை கூட்டுவதைப் போல ஆமணக்கெண்ணெய் விளக்கின் சுடரில் ஒரு சோதனைக்குழாயின் உட்புறம் ஒரு பக்கம் மட்டும் கரி பிடிக்கச் செய்தோம். குழாயின் வாயைத் துளையிட்ட தக்கையால் மூடி, அதிலிருந்து நீண்ட ரப்பர் குழாயை அடுத்த அறைக்குக் கொண்டுபோனோம். விசிறி மோட்டாரின் இரைச்சல் காதில் விழாமலிருக்கவே இந்த ஏற்பாடு. ஜன்னல் வழியே வந்த வெயிலைக் கண்ணாடியால் திருப்பி, குவிவில்லையால் குவித்துத் தட்டின் பிளவுகள் வழியாகக் கரியின் மீது விழச் செய்தோம். (குவித்த வெயிலையோ அதன் பிரதிபலிப்பையோ யாரும் உற்று நோக்கலாகாது. ஆசிரியை உடனிருந்தால் மட்டுமே இதனைச் செய்ய வேண்டும்.)

அடுத்த அறையில் ரப்பர் குழாயைக் காதில் வைத்தவர்களுக்குக் கொசு ரீங்காரம் போன்ற மெல்லிய ஒரே சுருதி கேட்டது. ஒளிக்கு நடுவே ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டியதும் அது நின்றது, எடுத்ததும் வந்தது. பின்பு கரிக்குப் பதிலாகச் சாக்கட்டித் தூள் பூசிய குழாயை வைத்தோம். எவ்வளவு காது கொடுத்தும் ஒன்றும் கேட்கவில்லை. வெயில் அதேதான், தட்டும் அதேதான். சாக்கட்டித் தூள் பளிச்சென்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஆனால் ஊமையாக இருந்தது. இந்த ஒரு வேறுபாட்டில்தான் முழு முறையும் அடங்கியிருக்கிறது.

பெல்லுக்குப் பின் இக்கண்டுபிடிப்பு ஏறக்குறைய அரை நூற்றாண்டு உறங்கிற்று. 1938இல் ரஷ்ய விஞ்ஞானி வீங்கெரோவ் வாயுக்கலவைகளை ஆராய இதனைப் பயன்படுத்தினார். லேசர் வந்த பிறகுதான் இதற்கு மறுபிறப்பு. 1971இல் குரூசர் என்பவர், பெல்லின் பெயரையே தாங்கிய ஆய்வுக்கூடத்தில், மிக மிகச் சிறிய அளவு மீத்தேனைக்கூட லேசரின் துணையால் ‘கேட்க’ முடியும் என்று காட்டினார். 1977இல் டெர்ஹூனும் ஆண்டர்சனும் காற்றில் மிதக்கும் துகள்களுக்கே இதனைப் பயன்படுத்தினர். 1990களில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள பாலைவன ஆய்வு நிறுவனத்தில் ஆர்னாட், மூஸ்முல்லர் முதலியோர் இதனை வெளியிடங்களுக்கு எடுத்துச் செல்லத்தக்க கருவியாக்கினர். நமக்கு அண்மையில், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் திடப்பொருள்களைக் கொண்டு ஒளியொலி ஆராய்ச்சி பல ஆண்டுகள் நடந்திருக்கிறது.

இன்றைய கருவியைப் பார்ப்போம். சோதனைக்குழாய்க்குப் பதில் இரு புறமும் திறந்த ஓர் உலோகக் குழாய். அதனூடே வெளிக்காற்று மெல்ல இழுக்கப்படுகிறது. துகள்கள் எதிலும் ஒட்டாமல் மிதந்தபடியே செல்கின்றன. வெயிலுக்குப் பதில் லேசர். சுழலும் தட்டுக்குப் பதிலாக லேசரையே மின்சாரத்தால் நொடிக்குச் சுமார் 1500 முறை ஏற்றி இறக்குகிறார்கள். காதுக்குப் பதில் ஒலிவாங்கி. ஒரு கரித்துகள் மிக நுண்ணியதாகையால் தான் பெற்ற சூட்டை நொடியின் பத்து இலட்சத்தில் சில பங்கு நேரத்திற்குள் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. அடுத்த ஒளித்துடிப்பு வருவதற்குள் அதற்கு வேண்டிய அவகாசம் இருக்கிறது.

எழும் ஒலியோ மிகவும் மெலிது. எனவே குழாயையே புல்லாங்குழல் போலப் பயன்படுத்துகிறார்கள். இரு புறமும் திறந்த குழாயில் அதன் நீளம் ஒலியலையின் பாதி நீளத்திற்குச் சமமாகும்போது ஒத்ததிர்வு ஏற்பட்டு ஒலி பெருகும் என்று படித்திருக்கிறோம். 11 செ.மீ. குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உதகையின் இதமான பகலில், 15 டிகிரி வெப்பத்தில், காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 340.4 மீட்டர். இதனை நீளத்தின் இருமடங்காகிய 0.22ஆல் வகுத்தால் ஒத்ததிர்வெண் ஏறத்தாழ 1547. இரவில் வெப்பம் 5 டிகிரிக்கு இறங்கினால் ஒலியின் வேகம் 334.3 ஆகும், அதிர்வெண் 1520. அதே குழாயை 35 டிகிரி வெயிலில் மேட்டுப்பாளையத்திற்குக் கொண்டுபோனால் 1602. ஆக, இக்கருவியைக் காலையிலும் மாலையிலும் வீணையைப் போலச் சுருதி கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மலை உயரத்தில் காற்றழுத்தம் குறைவாயிற்றே, அதனால் சுருதி மாறாதா என்று ஒரு தோழி கேட்டாள். ஒலியின் வேகம் அழுத்தத்தைப் பொறுத்ததன்று, வெப்பத்தைப் பொறுத்தது, ஆகையால் மாறாது.

லாரியின் ஹாரனும் காற்று இழுக்கும் பம்பின் இரைச்சலும் ஒலிவாங்கியில் விழாதா? விழும். ஆனால் கருவியின் மின்சுற்று, லேசர் துடிக்கும் அதே அதிர்வெண்ணில், அதே தாளத்தில் வருவதை மட்டும் பொறுக்கி எடுத்து நெடுநேரம் கூட்டிக்கொண்டே போகும். மற்ற இரைச்சல் முன்னும் பின்னுமாக விழுந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஆண்டு விழாக் கூட்டத்தில் நூறு குரல்களுக்கு நடுவே தன் பிள்ளையின் குரலைத் தாய் அறிந்துகொள்வதில்லையா?

எவ்வளவு மெல்லிய ஒலி என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு கிராம் கரித்துகள் பச்சை நிற ஒளிக்கு எதிரே சுமார் 7.5 சதுர மீட்டர் நிழலாக நிற்கிறது என்பது அறிஞர் பலரும் ஏற்றுக்கொண்ட அளவு. ஒரு கிராமுக்கு ஓர் அறைச்சுவர் அளவு நிழல்! ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு மைக்ரோகிராம் கரி இருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் ஒளி ஒரு மீட்டர் கடக்கையில் பத்து இலட்சத்தில் 7.5 பங்கை இழக்கும். 0.1 வாட் லேசரை நம் 11 செ.மீ. குழாயில் செலுத்தினால் கரி உட்கவர்வது 0.08 மைக்ரோவாட்டுக்குச் சற்று மிகுதி. இந்தத் துளி வெப்பம் எழுப்பும் ஒலியைத்தான் ஒலிவாங்கி கேட்கிறது. ஆனால் அதே காற்று 20 கிலோமீட்டர் தொலைவு பரவியிருந்தால், கரி மட்டுமே ஒளியில் 14 சதவீதத்தை விழுங்கிவிடும். குன்னூர் லேம்ஸ் ராக்கில் நின்று சமவெளியைப் பார்க்கும்போது சில நாட்களில் ஊர்கள் மங்கித் தெரிவதில் கரிக்கும் ஒரு பங்கு உண்டு.

கரியை அளக்க வேறு வழிகள் இல்லையா என்றால், உண்டு. வெள்ளை வடிதாளின் வழியே காற்றை இழுத்து, தாள் எவ்வளவு கறுக்கிறது என்று ஒளியால் பார்ப்பது பெருவழக்கு. இக்கருவிக்கு இட்ட பெயரே ‘கரியேற்றுதல்’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நாடு முழுவதும் அமைத்த துகள் ஆய்வு வலையில் நம் உதகையும் ஒரு நிலையம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இந்த வடிதாள் கருவியைக் கொண்டு உதகையின் காற்றில் கரியைத் தொடர்ந்து அளந்து, திருவனந்தபுரத்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து 2014இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டுள்ளனர். மலைவாச ஸ்தலம் என்றால் கரியே இல்லாத காற்று என்ற எண்ணம் நமக்கு இருந்தது. அது சரியன்று என்பதை அந்த ஆய்வு காட்டுகிறது.

வடிதாள் முறை எளிது, விலையும் குறைவு. ஆனால் அதில் ஒரு தொல்லை உண்டு. தாளில் படிந்த துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிவிடுகின்றன. தாளின் இழைகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. கரியில்லாத வெண்துகளும் சிறிது கறுப்பைக் காட்டிவிடும். மற்றொரு முறையில், துகள்களால் ஒளி மொத்தம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, சிதறியதைத் தனியே அளந்து கழிக்கிறார்கள். மூடுபனி நாளில் இதனைச் செய்வது, கூடை நிறையக் கொழுந்து சுமந்த அம்மாவைத் தராசில் ஏற்றி, இறக்கி, கழித்துப் பார்த்து, முந்தானையில் ஒட்டிய ஒற்றை இலையின் எடையைக் கண்டுபிடிப்பது போன்றது. ஒளியொலி முறையில் கழித்தலே இல்லை. சிதறிய ஒளி ஒலி எழுப்பாது. உட்கவர்ந்த ஒளி மட்டுமே எழுப்பும். துகளும் மிதந்தபடியே இருக்கிறது. எனவேதான் வடிதாள் கருவிகளைச் சரிபார்க்கவே இன்று இம்முறையை நாடுகிறார்கள். இக்கருவியைச் சரிபார்க்க, ஒளியை இவ்வளவு உட்கவரும் என்று முன்பே துல்லியமாகத் தெரிந்த நைட்ரஜன் டையாக்சைடு போன்ற வாயுவைச் செலுத்திப் பார்க்கிறார்கள்.

எந்தப் புகை என்றும் இம்முறையால் ஓரளவு சொல்லலாம். அதற்காகவே ‘நிறமாலை’ என்ற சொல் பெயரில் சேர்ந்தது. டீசல் கரி எல்லா நிறத்தையும் விழுங்கும். அலைநீளம் பாதியானால் உட்கவர்தல் ஏறத்தாழ இருமடங்காகும். 810 நானோமீட்டர் அகச்சிவப்பில் 5 என்றால் 405 நானோமீட்டர் ஊதாவில் 10. ஆனால் ஈர விறகு கனன்று எரியும் புகையில் கரியோடு பழுப்பு நிறப் பொருள்களும் கலந்திருக்கும். அவை நீலம், ஊதா ஒளியை மிகுதியாக விழுங்கும். ஆகவே இரண்டு மூன்று நிற லேசர்களை வைத்துக் கேட்டு, ஊதாவில் 10க்குப் பதில் 16, 17 என்று வந்தால் விறகுப்புகையை ஐயுறலாம். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் மலைரயில் வந்த காலம் தொட்டு, மலையில் புகை என்றால் இயந்திரத்தையே குறை சொல்லிப் பழகிவிட்டோம். ஒருவேளை குற்றம் பேருந்தின் மேல் இருக்கலாம், ஒருவேளை நம் வெந்நீர் அடுப்பின் மேல் இருக்கலாம். ஊகத்தால் தீர்ப்புச் சொல்வதைவிட அளந்து சொல்வது நேர்மை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு சொன்ன பின், இம்முறை நம் மலையில் சந்திக்கும் இடையூறு ஒன்றையும் சொல்ல வேண்டும். அதுவும் மூடுபனியே. கரித்துகளின் மேல் ஈரம் படிந்திருந்தால், அது உட்கவர்ந்த வெப்பம் முழுவதும் காற்றுக்குப் போவதில்லை. ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடுகிறது. வியர்வை உலரும்போது உடல் குளிர்வதும் இதே காரணத்தால்தான். வெப்பம் குறைந்தால் ஒலியும் குறையும். கருவி உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். காற்றில் ஈரப்பதம் மிகும்போது இவ்வாறு நேர்வதை ஆர்னாட் குழுவினர் 2003இல் விளக்கினர். ஆகவே காற்றைக் குழாய்க்குள் விடுமுன் சிலிக்கா ஜெல் போன்றவற்றால் உலர்த்துகிறார்கள்.

ஆனால் உலர்த்திய துகள் நம் மலைப்பனியில் மிதந்த அதே துகள் அன்று. நீர்த்துளியால் போர்த்தப்பட்ட கரியின் மீது அத்துளியே ஒரு வில்லையைப் போல ஒளியைக் குவிக்கிறது. அப்போது கரி உலர்ந்திருக்கையில் விழுங்குவதைவிட அதிக ஒளியை விழுங்கும். உலர்த்தினால் அந்த மிகுதி மறைந்துவிடும். உலர்த்தாவிட்டால் ஆவியாகும் நீர் ஒலியைத் தின்றுவிடும். ஜூலை மாதத்துக் குன்னூர் மூடுபனிக்குள் மிதக்கும் கரி உண்மையில் எவ்வளவு சூரிய ஒளியை உட்கவர்கிறது என்பதை, அந்தப் பனியைக் கலைக்காமலேயே கேட்டறிய வேண்டும். இதற்கான கருவியை உருவாக்கும் முயற்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டு இதே வகுப்பில் அமரப்போகும் தங்கைகளுக்காக, எங்கள் கரி பூசிய சோதனைக்குழாயையும் 12 பிளவுத் தட்டையும் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறோம். குழாயின் உட்புறத்தை ஈரத்துணியால் லேசாக நனைத்துவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.